மாங்கொல்லையில் ஒரு நாற்காலி

பட்டுப் புடவையா, சாம்பல் நிறக் காட்டன் புடவையா என்று விசாலாக்ஷியால் முடிவு செய்ய முடியவில்லை. சாயங்காலம் மேடையில் உட்கார வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வெளுத்துப்போன காட்டனில் போனாலோ பரிதாபம் தேடி வந்த மாதிரி இருக்கும். இரண்டையும் கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டு அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

கட்சியின் வட்டச் செயலாளர் வடிவேலு போன வாரம் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான். மாங்கொல்லைத் திடலில் பொதுக்கூட்டம். பேனரில் போட அவள் பிள்ளை வத்சனின் படம் வேண்டும்.

"நீங்க ஒண்ணியும் பேச வாணாம்மா. சேர்ல வந்து குந்துனாலே போதும். பேசணும்னு தோணுச்சின்னா ரெண்டு வார்த்தை. அப்ப இருந்தவரு இன்னா பண்ணாரு, இப்ப கீறவரு இன்னா பண்றாரு. அவ்ளோதான்."

பேனர் எப்படி வரும் என்று செல்போனில் காட்டினான். இடது பக்கம் முன்பு நாட்டை ஆண்ட தலைவர், கறுப்பு வெள்ளையில், தலை குனிந்து. வலது பக்கம் இப்போது ஆளும் அவர்கள் கட்சித் தலைவர், வண்ணத்தில், விரலை உயர்த்தி. முன்னவர் படத்தின் கீழே 'தீவிரவாதிக்குச் சட்டத்தைத் தளர்த்தியவர்' என்றும், பின்னவர் படத்தின் கீழே 'திருப்பி அடித்தவர்' என்றும் எழுதியிருந்தது. இருவருக்கும் நடுவே காலியாக விட்டிருந்த சதுரம் கேப்டன் ஸ்ரீவத்சனுக்கு.

வடக்கே மலைப்பாதையில் தீவிரவாதிகள் ராணுவ வண்டிகளை மறித்துச் சுட்டதில் வத்சன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அது இப்போதைய தலைவரின் ஆட்சியில்தான் நடந்தது. பேனரில் அது இல்லை என்பதை விசாலாக்ஷி கவனிக்காமல் இல்லை. ஆனால், திருப்பி அடித்துவிட்டோம் என்று அவர் டி.வி.யில் சொன்ன அன்றுதான், காரியங்கள் முடிந்து முதல்முறையாக அவள் தட்டில் சாதம் போட்டுக்கொண்டு முழுதாகச் சாப்பிட்டாள். அதற்காக அவள் வெட்கப்படவில்லை. சுட்டவர்கள் அங்கேயே செத்துப்போனார்கள். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. வெறுப்பதற்காவது யாரோ ஒருவர் வேண்டியிருந்தது.

அப்படி ஒருவன் அவள் வீட்டு வழியாகவே கிடைத்தான். அவள் கணவர் ஸ்ரீரங்கன் கிரிமினல் வக்கீல். ரயிலில் குண்டு வைத்தவர்களுக்கு சிம் கார்டு கொடுத்ததாகக் கைதான மெஹபூப் பாஷாவின் வழக்கை வத்சன் இருக்கும்போதே எடுத்திருந்தார். வத்சன் போன பிறகும் விடவில்லை. "அவாளோட ஆளுக்காகவா இன்னும் போயிண்டிருக்கேள்?" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஆளா இல்லையாங்கறதுதான் கேஸே" என்றார். அதற்குப் பிறகு அந்த வழக்கைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை. போன வாரம் பாஷா விடுதலையானதைக்கூட அவள் பேப்பரில்தான் படித்தாள்.

வடிவேலு வந்துவிட்டுப் போன அன்று மட்டும் ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். "போகாதேன்னு சொல்ல மாட்டேன், விசாலம். ஆனா முன்னாடி இருந்த மனுஷன் ஒரு தீவிரவாதச் சட்டத்தை எடுத்துட்டு, அதோட பல்லைப் பிடுங்கி இன்னொரு சட்டத்துல வெச்சார். இந்த மனுஷன் அந்தப் பல்லைத் தீட்டிண்டிருக்கார். பாஷாவை உள்ள போட்டது அவர், உள்ளயே வெச்சிருந்தது இவர். இதுல யார் ஒசத்தின்னு மேடை போட்டுப் பேசறா."

"வத்சனைப் பத்தி உங்களுக்குப் பேச்சே கிடையாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது காலிங்பெல் அடித்தது. வடிவேலு சீக்கிரமே வந்துவிட்டான் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். மடிப்புக் கலையாத புதுச்சட்டையில் ஒல்லியாக ஒருவன் ஆப்பிள் பையோடு நின்றிருந்தான். முன்தலை வழுக்கை. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

"சார் இருக்காராம்மா? நான் மெஹபூப் பாஷா."

பேப்பர் படத்தில் முகம் மூடியிருந்தவனுக்கு இத்தனை வருஷம் அவள் வேறொரு முகத்தை வைத்திருந்தாள். "கோர்ட்லேர்ந்து இன்னும் வரலை" என்றாள். கதவைச் சாத்தியிருக்கலாம். "உக்காருங்கோ" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அவன் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான். வடிவேலு நகல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த படம் பக்கத்தில் சாய்ந்திருந்தது. சந்தன மாலையை அவள் இன்னும் திரும்பப் போட்டிருக்கவில்லை.

"சாரோட பிள்ளையாம்மா? மிலிட்டரியா? எங்க கீறாரு இப்ப?"

"இல்லை. தீவிரவாதி சுட்டுட்டான். மூணு வருஷமாறது." அந்தச் சொல்லை அவன் மேல் எறிவது போலத்தான் எறிந்தாள். எங்கே படுகிறது என்று பார்த்தாள்.

அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த மாசம்மா?"

"மார்கழி."

விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தான். "அந்த மாசம் வாய்தாவுக்கு சார் வர்ல. அதுக்கடுத்தது தாடியோட வந்தாரு. சபரிமலைக்கா சார்னு கேட்டேன். தலைய ஆட்டுனாரு. அன்னிக்கு முழுக்க நின்னு எனக்காகப் பேசுனாரு. இப்டின்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா, வேற வக்கீலப் பாத்துக்கறேன் சார்னு நானே சொல்லியிருப்பேன்."

அந்த நாள் விசாலாக்ஷிக்கு நினைவிருந்தது. கோர்ட்டிலிருந்து வந்து, குளித்து, தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவரைப் பார்த்து, இவர் நெஞ்சு கல் என்று நினைத்தாள். அவளிடமும் சொல்லாமல், இவனிடமும் சொல்லாமல், அந்தத் தாடியோடு அவர் பகல் முழுக்க நின்றிருக்கிறார். அவர் மேல் இரக்கம் வரும் என்று பார்த்தாள். கோபம்தான் வந்தது.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. நீ அவாளுக்கு சிம் கார்டு குடுத்தியா?"

"குடுத்தேம்மா." அவன் உடனே சொன்னான். "கடைக்கு வந்த அத்தினி பேருக்கும் குடுத்தேன். யாரு இன்னான்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லிச் சொல்லியே எட்டு வருசம் போச்சு. அம்மா மௌத்தானப்ப அடக்கத்துக்கு விட்டாங்க, வெலங்கோட. மண்ணு போடறதுக்கு மட்டும் ஒரு கையக் கழட்டி விட்டாங்க."

குடுத்தேன் என்றதையும் தெரியாது என்றதையும் அவள் மனதுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பிடிமானமாக எதுவும் கிடைக்கவில்லை. இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்ததும் கையில் இல்லை.

செல்போன் அடித்தது. "வண்டி கீழ நிக்கிதுமா. மாவட்டத் தலைவரு மேடைக்கு வந்துட்டாரு. உங்க சேரு காலியா கீது" என்றான் வடிவேலு. அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

"எங்கியோ கெளம்பிக்கினு இருக்கீங்க. நான் அப்பால வந்து சாரைப் பாக்கறேம்மா." பாஷா எழுந்து, ஆப்பிள் பையை டீப்பாய் மேல் வைத்துவிட்டு நடந்தான். கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றான்.

தாழ்ப்பாள் போடவில்லை. பூட்டும் இல்லை. கைப்பிடி அவன் கைக்கு நேராகத்தான் இருந்தது. அவன் திறப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி நின்றான். கீழே ஹாரன் அடித்தது. மறுபடியும் நீளமாக அடித்தது. அவன் அசையவில்லை. யாராவது வந்து திறந்துவிடும்வரை அப்படியே நிற்கப் பழகியிருந்தான்.