மிரியம் வாசித்த செய்தி

றோகான் ஹெட்போனை நீட்டினான். மிரியம் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட, மாடியில் ஒற்றை அறை. தெருச் சத்தம் வராமலிருக்க யன்னலில் மெத்தையைச் சாத்திவைத்து இணைய வானொலி நடத்துகிறான். பலஸ்தீனப் பொது வானொலியின் வரலாற்றைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்தவள் மிரியம்தான். வாசிக்க இருந்த நிரோஜாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நிகழ்ச்சி அன்று பின்னேரம்.

"எழுதின நீங்களே வாசியுங்கோவன் அன்ரி. சேர்ச்சிலயும் வாயை மட்டும்தான் அசைக்கிறியள். குரலுக்கு வாடகையோ கேக்கினம்?"

அவள் சிரித்தாள், சத்தமில்லாமல்.

சண்டைக் காலத்தில், இருபது வயதில், போராளி இயக்கத்தின் வானொலியில் செய்தி வாசித்தவள் அவள். செய்திக்குப் பிறகு, செத்தவர்களின் பெயர்கள். சண்டையெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் சாவகச்சேரிச் சந்தையில் வெங்காயம் என்ன விலையென்று கேட்டாள். பக்கத்தில் நின்ற மனிசி அந்தக் குரலைக் கேட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "என்ரை பிள்ளையின்ரை பேரை வாசிச்சது நீர்தானே?" அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. மிரியம் வாய் திறக்காமல், இல்லையென்று தலையாட்டினாள். அன்றிலிருந்து வெளியிடங்களில் அவளுக்காகக் கதைப்பது கணவர் வின்சன்ற்தான். றோகானுக்கு இதொன்றும் தெரியாது.

மொழிபெயர்க்கும்போது அவள் ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தாள். வானொலிக் கட்டடம் தகர்ந்த மறுநாள் அந்த அறிவிப்பாளர்கள் எந்தக் குரலில் கடையில் பாண் கேட்டு வாங்கினார்கள்? வரலாற்றில் ஆண்டுகள் இருந்தன, அலைவரிசைகள் இருந்தன. அது இருக்கவில்லை.

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"றமல்லாவில் ஒலிபரப்புக் கட்டடம் இராணுவத்தால் தகர்க்கப்பட்டது. வேறோர் இடத்திலிருந்து ஒலிபரப்புத் தொடர்ந்தது."

கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு அதையே, அதே நிதானத்தில், மறுபடி வாசித்தாள்.

றோகான் கையைக் காட்டினான். "அன்ரி, இந்த வசனம் ரெண்டு தரம் வருது."

தான் அப்படி வாசித்தது அவளுக்கே தெரியவில்லை.

"கரண்ட் இல்லாத காலம் தம்பி. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவிலதான் சனம் றேடியோ கேக்கும். பெடல் சுத்துறவருக்குக் கை உளைஞ்சால் சத்தம் செத்துப்போகும். ஆள் மாறி மற்றவர் சுத்தத் தொடங்குவார். அவைக்காக நாங்கள் திருப்பி வாசிக்கிறது."

"நாங்கள் எண்டால்?"

மிரியம் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். றோகான் கதிரையில் மெல்ல நிமிர்ந்தான். இயக்க வானொலியில் பெயர்கள் வாசித்ததை அவன் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"பேருகளையும் ரெண்டு தரமோ?"

"ஓம். பேருகளைக் கட்டாயம்."

அவன் திரையைப் பார்த்தான். "ரெண்டாவதை வெட்டிவிடட்டோ?"

இப்போதுகூட எழுந்து போய்விடலாம். நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தால், நிரோஜாவுக்கு நாளைக்குச் சுகமாகிவிடும்.

"விடு. இருக்கட்டும்."

சரிபார்க்க, அவன் பதிவை ஸ்பீக்கரில் போட்டான். குரல் தடித்திருந்தது. ஆனாலும் அந்த நாளைய அதே குரல்தான். கீழே தையற்கடையில் ஓடிக்கொண்டிருந்த மெசின் சட்டென்று நின்றது. யாரோ படியேறும் செருப்புச் சத்தம். றோகானின் கை ஒலியைக் குறைக்கப் போனது. மிரியம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வசனம் முடிந்து, அவள் நிறுத்திய இடத்துக்குப் பதிவு வந்திருந்தது. கதவின் கீழ் இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல், இரண்டாம் வாசிப்புக்குக் காத்து நின்றது.