ஹாரன் அடிக்காத வேன்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேன் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆங், அப்படி. இன்றைக்கு உங்களுக்கு ஒரு வேன் கதை. யாருக்கும் அடிபடாது, வேனுக்குக் கூட ஒரு கீறல் விழாது. அதனால் நிம்மதியாகக் கேளுங்கள்.

எடமலைப்பட்டி புதூரில் அப்துல் சலாம் என்று ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்து நாலு வருஷம் ஷார்ஜாவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், நாற்பது நாள் இருப்பார், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்தத் தடவை அவர் மனைவி ஜஹானாரா பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

"போதுங்க. இந்த ஊர்லயும் வண்டி ஓடுது, ரோடும் இருக்கு. இங்கேயே ஓட்டுங்க" என்றாள்.

அவருக்கும் ஆசைதான். ஆனால் சனிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. அதை விட்டால் அங்கே இருக்கிற வேலை போய்விடும். அதனால் சனிக்கிழமைக்குள் இங்கே ஒரு வேலை கிடைத்தால் தங்குவார். கிடைக்காவிட்டால் மறுபடி இரண்டு வருஷம். அன்றைக்குப் புதன்கிழமை.

மன்னார்புரத்தில் தர்மராஜ் என்று ஒருவர் மூன்று வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். அவருக்கு ஒரு டிரைவர் வேண்டியிருந்தது.

"ஓட்டத் தெரியும்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க பாய்" என்றார் தர்மராஜ். "நாளைக்கு மருங்காபுரியிலருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு டிரிப் இருக்கு. நான் பக்கத்துல உக்காந்து வரேன். பதினோரு மணிக்குள்ள கோபுரத்துக்கிட்ட இறக்கிட்டீங்கன்னா வேலை உங்களுக்கு."

மறுநாள் விடிந்ததும் சலாம் பாய் வெள்ளைச் சட்டையை பேண்டுக்குள் செருகிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைத் திறந்தார், ஏறி உட்கார்ந்தார், கையை நீட்டினார். எதிரே ஸ்டியரிங் இல்லை.

"பாய், அது என் சீட்டு" என்றார் தர்மராஜ்.

தப்பு அவர்மேல் இல்லை. அவர் இத்தனை வருஷம் ஓட்டின ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி போவது வலது பக்கம். இறங்கி, சுற்றி வந்து, சரியான பக்கம் ஏறினார். ஆனால் கை மட்டும் இன்னும் ஷார்ஜாவை விட்டு வரவில்லை. வளைவு வரும்போதெல்லாம் இண்டிகேட்டர் என்று நினைத்து எதையோ தட்டுவார், வைப்பர் எழுந்து ஆடும். சுள்ளென்று வெயில் அடிக்க, அந்த வெள்ளை வேன் இல்லாத மழையைத் துடைத்துக்கொண்டே மருங்காபுரி போய்ச் சேர்ந்தது.

அங்கே ஏறினவர்கள் ஒன்பது பேர். ஆனந்தவள்ளி என்ற பெரிய அம்மாள், கடலை விளைவிக்கிற குடும்பம். அவர் மருமகள் பானுப்ரியா. மற்ற ஏழு பேரும் நாத்தனார், கொழுந்தியாள், அண்டை வீட்டுக்காரி என்று ஏதோ ஒரு முறை. மடியில் புளியோதரை, கையில் துளசி மாலை.

ஊரைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் எதிரே ஒரு கார். நாலு மூலையிலும் விளக்கு பளிச் பளிச் என்று அணைந்து எரிந்தது. சலாம் பாய் வேனை ஓரமாக நிறுத்தினார், இறங்கினார், இரண்டு கையையும் விரித்துக் காரை மறித்தார்.

"என்ன சார் ரிப்பேர்? டயரா, என்ஜினா? என்கிட்ட ஜாக்கி இருக்கு."

"ரிப்பேரா? நான் நேராப் போறேன் சார்!"

"நேராப் போறதுக்கு எதுக்கு சார் நாலு லைட்டு?"

"லெஃப்ட்லயும் திரும்பல, ரைட்லயும் திரும்பல. அதான் ரெண்டையும் போட்டிருக்கேன்" என்றார் காரில் இருந்தவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

சலாம் பாய் அந்த நியாயத்தைக் கொஞ்ச நேரம் நின்று யோசித்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். தர்மராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலுவழிச் சாலை. நம் பக்கம் இரண்டு தடம், நடுவே அரளிச் செடி, அந்தப் பக்கம் இரண்டு தடம். மெதுவாகப் போகிறவர் இடது தடம், முந்துகிறவர் வலது தடம் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வலது தடத்தில் தேங்காய் ஏற்றின லாரி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. சலாம் பாய் அதன் பின்னால் போய்ச் சேர்ந்தார். சேர்ந்தவர், அங்கேயே இருந்துவிட்டார்.

"பாய், லெஃப்ட்ல புகுந்து போங்க."

"லெஃப்ட்ல முந்தக் கூடாது மொதலாளி."

"யாரு சொன்னா?"

"ரூல்ஸ்."

"ரூல்ஸ் எழுதினவரு இந்த ரோட்ல வந்திருக்க மாட்டாரு. சரி, ஹாரனாவது அடிங்க."

"பாவம், அவர் அவர் பாட்டுக்குப் போறாரு. அவரை எதுக்குத் திட்டணும்?"

"திட்டறதா! பின்னாடி பாருங்க, எவ்வளவு பெரிசா எழுதிக் கெஞ்சறான், 'ஒலி எழுப்பவும்'னு!"

"அது அவரோட பெருந்தன்மை மொதலாளி. சொல்லிட்டாருங்கறதுக்காக நாம செஞ்சுடறதா?"

இதை நீங்கள் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும், தங்கங்களா. அவர் இருந்த இடத்தில் ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவரைக் கேவலமாகப் பேசினதாக அர்த்தம். புதிதாகப் போன காலத்தில் தெரியாமல் ஒரு தடவை அடித்துவிட்டார். சிக்னலில் ஒரு பெரிய மனிதர் இறங்கி வந்து, கண்ணாடியைத் தட்டி, "நான் உனக்கு என்ன தீங்கு செய்தேன்?" என்று கேட்டாராம். அன்றைக்கு ஹாரனிலிருந்து எடுத்த கைதான். நமக்கோ அது மரியாதை. 'அண்ணே, பின்னாடி வரேன், பார்த்துக்குங்க' என்று சொல்வது போல. அடிக்காமல் வருகிறவனைத்தான் நாம் திமிர் பிடித்தவன் என்போம்.

லாரி நாற்பதில் போனது. வேனும் நாற்பதில் போனது. பிறகு லாரி முப்பத்தைந்துக்கு இறங்கியது. வேனும் இறங்கியது. இடது பக்கமாக பஸ் போனது, கார் போனது, புல்லுக்கட்டு வைத்த மொபெட் ஒன்று போனது.

"அண்ணே, புல்லுக்கட்டு நம்மளை முந்துது" என்றாள் பானுப்ரியா.

"அவர் தப்பான பக்கம் முந்தறாரு தங்கச்சி" என்றார் சலாம் பாய், வருத்தத்தோடு.

ஆனந்தவள்ளி அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இது என்ன மலை? இங்க எப்ப வந்துச்சு?"

"விராலிமலை அத்தை. எப்பவும் இங்கதான் இருக்கு."

"நான் பார்த்ததே இல்லையே! வேன்ல ஏறினா கண்ணை மூடிக்குவேன், மன்னார்புரத்துல தானே திறப்பேன்" என்று சொல்லி, முருகனை நிதானமாகக் கும்பிட்டு, அப்படியே சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

முப்பது. இருபத்தைந்து. தர்மராஜ் தன் பக்கத்துக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டார். மணி பத்தே முக்கால். இருபதுக்கு வந்த லாரி ஓரங்கட்டி நின்றேவிட்டது. பின்னாலேயே சலாம் பாயும் நின்றார். லாரியிலிருந்து டிரைவர் குதித்தார். பனியன்மேல் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டே, கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு ஓடி வந்தார்.

"சார், என் பேரு இருதயநாதன். லைசென்ஸ், பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு சார். லோடு நாலு மூட்டை கூட இருக்கும், அது நான் ஏத்தல சார், ஏத்தினவங்க ஏத்திட்டாங்க."

"எதுக்கு என்கிட்ட காட்டறீங்க?" என்றார் சலாம் பாய்.

"முக்கா மணி நேரமா பின்னாடியே வரீங்களே சார்! ஹாரன் அடிக்கல, முந்தல. இந்த ரோட்ல அப்படி யாரு வருவா? அதிகாரிங்கதான் வருவாங்க. தடம் மாறினா கேஸ் போடுவீங்களோன்னு ஸ்டியரிங்கை அசைக்கவே இல்ல. வேகமாப் போனா போடுவீங்களோன்னு மெதுவாப் போனேன். அப்பவும் நீங்க போகல. இன்னும் மெதுவாப் போனேன். இதுக்கு மேல மெதுவாப் போக வண்டியில கியர் இல்ல சார்!"

தர்மராஜ் இறங்கி வந்தார். "ஏன்யா, மெதுவாப் போற ஆளு லெஃப்ட்ல போக வேண்டியதுதானே?"

"லெஃப்ட்ல எப்படிங்க போறது? எதிர்ல பைக் வருது, ஆடு வருது, இளநிக் கடை வருது."

"இளநிக் கடை எப்படிய்யா வரும்?"

"தள்ளுவண்டிதானே, வரும். ஹாரன் அடிச்சிருந்தா நான் அப்பவே வழி விட்டிருப்பேனே!"

சலாம் பாய் இருதயநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால உங்களுக்கு மனக் கஷ்டம், மன்னிச்சுக்குங்க" என்றார். இத்தனை வருஷ லாரி வாழ்க்கையில் ரோட்டில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. காகிதக் கட்டோடு திகைத்துப்போய் நின்றார்.

தர்மராஜ் கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்க பாய். நான் ஓட்டறேன். நீங்க சனிக்கிழமை நல்லபடியா போயிட்டு வாங்க. உங்க ஓட்டம் அந்த ஊருக்குத்தான் சரி."

சலாம் பாய் சாவியைக் கொடுத்துவிட்டு இடது பக்கம் போய் ஏறினார். ஜஹானாராவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தார். நம்பரைத் தட்டாமலேயே மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறம் தர்மராஜ் ஓட்டினார் பாருங்கள். வலது பக்கம் முந்தினார், இடது பக்கம் முந்தினார், இரண்டு பஸ்ஸுக்கு நடுவே ஒரு பக்கத்தை உண்டாக்கி அதிலும் முந்தினார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வேனுக்குள் புளியோதரை பறந்தது. ஒரு நாத்தனார் 'ரங்கா ரங்கா' என்றாள், இன்னொருத்தி எதற்கும் இருக்கட்டும் என்று சமயபுரத்தாளையும் கூப்பிட்டாள். பானுப்ரியா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். விழித்துக்கொண்ட ஆனந்தவள்ளி அம்மாள், இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மன்னார்புரம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வேன் நின்றது. அம்மாள் கண்ணைத் திறந்தார், கதவைத் திறந்தார், நடு ரோட்டில் இறங்கி நின்றுவிட்டார்.

"அம்மா, ஏறுங்க! பச்சை விழப்போகுது!"

"விழட்டும். அந்த பாய் தம்பி ஓட்டினா ஏறறேன். இல்லைன்னா ஒண்ணாம் நம்பர் பஸ்ல போய்க்கறேன்."

"ஏற்கெனவே லேட்டும்மா! பதினோரு மணி தாண்டியாச்சு!"

"அதுக்கென்ன? பெருமாள் எந்திரிச்சு வெளியூர் போயிடுவாரா? படுத்துகிட்டுத்தானே இருக்காரு!"

மற்ற ஏழு பெண்களும் மாலையும் கையுமாக இறங்கிவிட்டார்கள். பானுப்ரியா மட்டும், "அத்தை, இப்படியே போனா சீக்கிரம் போயிடலாம்ல" என்றாள்.

"வாந்தி எடுத்தது யாருடி, நானா?"

அவளும் இறங்கினாள்.

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற அத்தனை வண்டியும் சேர்ந்து ஹாரன் அடித்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலோடு இந்தப் பக்கம் திரும்பினார். தர்மராஜ் வேனை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கினார்.

"பாய்... வந்து ஓட்டுங்க."

சலாம் பாய் ஏறவில்லை. "மொதலாளி, ஒண்ணு கேட்டுக்கறேன். இந்த டிரிப்புக்கு மட்டுமா, இல்ல வேலைக்கா? எனக்கு நாளன்னைக்கு ஃப்ளைட்டு."

"ரோட்ல நின்னுகிட்டா பாய் இதைப் பேசறது?"

"வேலைக்குன்னு சொல்லுப்பா" என்றார் ஆனந்தவள்ளி அம்மாள். "நான் நாப்பது வருஷமா இந்த ரோட்ல வரேன். உயிரைக் கையில பிடிச்சுக்காம தூங்கிட்டு வந்தது இன்னைக்குத்தான். எங்க ஊர்ல கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் உன் வேனைத்தான் கூப்பிடறோம். இனிமே வயசானவங்க ஏறற வண்டியை இவர்தான் ஓட்டணும்."

தர்மராஜ் வேனைப் பார்த்தார், ஒன்பது பெண்களையும் பார்த்தார். "வேலைக்குத்தான். ஆனா பாய், ஹாரன் அடிச்சே ஆகணும். நம்ம ஆளுங்க கண்ணாடியைப் பார்த்து ஓட்டறவங்க இல்ல, காதால ஓட்டறவங்க. சத்தம் கேட்டாத்தான் ஒதுங்குவாங்க. நீங்க பேசாம வந்தா அவங்களுக்குத்தான் அடிபடும்."

சலாம் பாய் முகம் மாறியது. "அவங்களுக்கு அடிபடுமா? இதை ஏன் மொதல்லயே சொல்லல? அடிக்கறேன். லெஃப்ட்ல மட்டும் முந்த மாட்டேன்."

"முந்தாதீங்க. ஏறுங்க."

காவிரிப் பாலம் வரைக்கும் அவருக்கு ஹாரன் அடிக்க வேலை வரவில்லை. திருவானைக்காவலில் பூக்கூடை வைத்த சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. 'பீப்' என்று ஒரே ஒரு தடவை அடித்தார். உடனே தலையை வெளியே நீட்டி, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பூக்காரம்மா ஒதுங்கி வழி விட்டாள். அப்படியே 'பீப்', 'மன்னிச்சுக்குங்க', 'பீப்', 'மன்னிச்சுக்குங்க' என்று ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார்கள். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடு நடு ரோட்டில் படுத்திருந்தது. ஹாரன் அடித்தார். அது காதைக்கூட ஆட்டவில்லை.

"மொதலாளி, இதுக்கு என்ன ரூல்ஸ்?"

"இதுக்கு ரூல்ஸ் கிடையாது பாய். அதுவா எந்திரிக்கணும்."

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் இறங்கினார்கள். பெண்கள் வரிசையில் போய் நின்றார்கள். நீளமான வரிசைதான், ஆனால் யாரும் தர்மராஜைத் திட்டவில்லை. சலாம் பாய் வேன் நிழலில் நின்று ஜஹானாராவைக் கூப்பிட்டார்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிடு. வேலை கிடைச்சிடுச்சு."

ஜஹானாராவின் குரல் மெதுவாக வந்தது. "அப்போ... ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?"

"இன்ஷா அல்லாஹ், வந்துடுவேன்" என்றார் சலாம் பாய். "கொஞ்சம் லேட்டாகும். இவங்களை மருங்காபுரியில விட்டுட்டு மெதுவாத்தான் வருவேன்."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பிப் போகிறவர்கள் எல்லாரும், சோறு ஆறுவதற்குள் முழுசாய் வீடு திரும்பட்டும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்க்க, உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும். நன்றாயிருங்கள்.