நடுத்தூண்

வெல்டர் ஏணியில் நின்று கூரைத் தகரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது முதல் அடி முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. ஏணியோடு சரிகையில் இரண்டாவது அடி காதில். விழுந்தவன், லேத் மெஷினின் அடியில் குவிந்து கிடந்த இரும்புச் சுருள்களில் கையை ஊன்றினான். உள்ளங்கை கிழிந்தது.

எதிரே நின்றவர் அவன் மனைவியின் அண்ணன். கடையின் சொந்தக்காரர், லேத்துக்காரர். கையில் முழம் நீளக் கம்பி.

“உன் கடையை நாளைக்கு இடிக்கிறாங்க. உன் கடை, உன் கையெழுத்து, நான் கேக்கமாட்டேன். நான் சாப்பிடப் போன நேரம் பாத்து என் கூரையைப் பிரிக்க எவன்டா அனுப்பினான் உன்னை?”

வெல்டர் காதைத் தொட்டுப் பார்த்தான். விரல் நனைந்தது. சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அது தொண்டைவரை வந்தது.

“வாயத் தொறக்குறானா பாரு,” என்று மூன்றாவது அடியைத் தோளில் போட்டார். வாக்கியம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. வெல்டர் எழுந்தான், கட்டரை எடுத்துக்கொண்டு, சாக்கடையோரம் தான் கொண்டுவந்து போட்டிருந்த இரும்புத் தூணைத் தாண்டி நடந்தான். லேத்துக்காரர் அந்தத் தூணைப் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறவன் காலடியில் கிடப்பதைப் பார்ப்பதில்லை.

அந்தச் சந்துக்குத் தட்டுச் சந்து என்று பெயர். யாரும் வைத்ததல்ல. விடிந்ததும் ஒருவன் சுத்தியலை எடுத்தால் இருட்டும்வரை எவனாவது தட்டிக்கொண்டிருப்பான்; பெயர் தானாக ஒட்டியது. கடைகளும் அப்படித்தான். முதலில் ரேடியேட்டர் அடைக்கிற ஒருவர் வந்து நாலு கால் நட்டார். அவர் சுவரில் சாய்த்து அடுத்தவன் கூரை இறக்கினான். அவன் சுவரில் இன்னொருவன். ஆக, கடைகள் பதினான்கு, சுவர்கள் பதினைந்து. மாநகராட்சியின் வரைபடத்தில் மட்டும் பதினான்கும் தீப்பெட்டி மாதிரி தனித்தனியாக இருந்தன.

அந்த வரைபடத்தில் பெயரும் மாறிவிட்டது: வண்ணச் சோலை வீதி. படம் போட்ட தாளை வீடுவீடாகக் கொடுத்தார்கள். மரங்கள், நாற்காலிகள், வெள்ளை உடுப்பில் சிரிக்கும் ஒரு குடும்பம். தட்டுகிற ஆள் ஒருவனும் அதில் இல்லை. சந்தின் வாயில் நிறுத்திய வளைவில் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பற்றவைத்தவன் வெல்டர்தான். கண் மங்கத் தொடங்கியிருந்தது அவனுக்கு. புதுக் கட்டடத்தில் கதவு வைத்த கடை தருகிறோம் என்றார்கள். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். அன்றிலிருந்து சந்தில் ஒருவரும் அவனுக்கு நெருப்புப்பெட்டிகூடக் கொடுப்பதில்லை.

லேத்துக்காரர் வழக்குப் போட்டார். தடை உத்தரவு வாங்கினார். அதைக் கதவில் ஒட்டி, மேலே கண்ணாடித்தாளும் ஒட்டினார். அவர் கடையை யாரும் தொட முடியாது.

ஆனால் அவர் கூரை அவர் கடையில் நிற்கவில்லை. அது வெல்டர் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன் அவர் நீளமான லேத் ஒன்று வாங்கினார். நடுத்தூண் குறுக்கே நின்றது. மெஷினைக் கொண்டுவர அவர் வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் வெல்டர் அந்தத் தூணை அறுத்து எடுத்தான். தகரத்துக்கு மேலே ஒரு பழைய தண்டவாளத்தை ஓட்டி, கூரையின் முழுப் பாரத்தையும் சுவருக்கு அந்தப்பக்கம் தன் கடையிலிருந்த தூணில் ஏற்றினான். திரும்பி வந்தவர், “தூண் எங்க மாப்ள?” என்றார். “அது தேவையில்ல மச்சான்,” என்றான். அவர் மேலே கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நாளை இடிபடப் போவது அந்தத் தூண்.

வீட்டில் மனைவி காதில் மருந்து வைத்தாள். “எங்கண்ணன் சும்மா அடிக்கமாட்டாரு. என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“அதான் அடிச்சிருக்காரு.” பஞ்சைத் தூக்கிப் போட்டாள். “வாயையும் பத்தவச்சு மூடிக்கிட்டீங்களா?”

அவன் பஞ்சை எடுத்துக் கிழிந்த உள்ளங்கையில் அழுத்திக்கொண்டான். அடித்தவனிடம் போய், உன் உயிரைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று சொல்வது கெஞ்சுவது போல இருக்கும் என்று தோன்றியது. காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் இயந்திரம் வந்தது. பின்னால் போலீஸ் வண்டி. வரைபடத்தோடு ஓர் அதிகாரி, தலைக்கவசத்தின் விலைச்சீட்டைக்கூடப் பிரிக்காமல். சந்தே திரண்டு எதிர்ப்பக்கம் நின்றது. லேத்துக்காரர் மட்டும் உள்ளே, வேண்டுமென்றே லேத்தை ஓடவிட்டு, வாசலைப் பார்த்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏழாம் நம்பர் மட்டும்தான் இன்னிக்கு,” என்றார் அதிகாரி. வெல்டரிடம் திரும்பினார். “உள்ள ஏதும் விட்டுட்டீங்களா? சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

வெல்டர் வாயைத் திறந்தான்.

“அவனுக்கு வாய் கிடையாது சார்,” உள்ளேயிருந்து லேத்துக்காரர் குரல் கொடுத்தார். “கையெழுத்துப் போடுற கை மட்டும்தான். அதையும் நேத்து கிழிச்சுக்கிட்டான்.”

சந்து முழுக்கச் சிரித்தது. இரண்டு போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். வெல்டரின் காதில் ரத்தம் இடித்தது. தூண் சட்டென்று முறியாது, முதலில் வளையும் என்று கணக்குப் போட்டான். கூரை முனகும். அவர் பதறி வெளியே ஓடிவருவார். எல்லோரும் அதைப் பார்க்கட்டும்.

“இல்ல,” என்றான்.

இயந்திரத்தின் கை எழுந்து அவன் கடையின் நெற்றியில் இறங்கியது. தகரம் காகிதமாகக் கிழிந்தது. அடுத்த இடி தூணின் இடுப்பில். தூண் வளையவில்லை. ஆறு வருஷத் துரு அதன் அடிப்பாகத்தைத் தின்றிருந்தது. ஒரே அடியில் முறிந்தது.

“நிறுத்து!” அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

லேத்துக்காரரின் எட்டாம் நம்பர் கூரை ஒரு பக்கமாக உட்கார்ந்தது. தண்டவாளம் தகரத்தைப் பிளந்துகொண்டு இறங்கியது. புழுதிக்குள் வெல்டர் ஓடினான். லேத் இன்னும் சுழன்று, மேலே விழுந்த தகரத்தைக் கடித்துத் துண்டு துண்டாக வீசிக்கொண்டிருந்தது. ஒன்று அவன் கன்னத்தைக் கிழித்தது. தடவித் தடவிச் சுவிட்சை அணைத்தான். அப்போதுதான் அலறல் கேட்டது.

லேத்துக்காரரின் வலது கால் லேத்தின் இரும்புப் படுகைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே அதைக் கால் என்று சொல்ல முடியாது. இரும்புச் சுருள்களெல்லாம் சிவந்திருந்தன.

ஐந்து பேர் தூக்கியும் தண்டவாளம் அசையவில்லை. வெல்டர் வெளியே ஓடி, சாக்கடையோரம் கிடந்த தூணை இழுத்து வந்தான். அதைக் கீழே கொடுத்து நெம்பினார்கள். எலும்பு உரசும் சத்தத்தில் ஒருவன் வாந்தி எடுத்தான். காலை இழுத்து எடுத்தார்கள். வெல்டர் தன் சட்டைக் கையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினான்.

தரையில் கிடந்தபடி லேத்துக்காரர் பக்கத்தில் கிடந்த தூணைப் பார்த்தார். அளவு பார்த்தே வாழ்ந்த கண்.

“ஒன்பதடி நாலரை அங்குலம்,” என்றார். “என் கடை உயரம்.”

“ஆமா மச்சான்.”

“நேத்து… இதை நிறுத்தவா தகரத்தை அறுத்த?”

“ஆமா.”

அவருக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து இருமலாக முடிந்தது. “இதைச் சொல்ல என்னடா, வாய்க்கு வாடகையா கேட்டாங்க?” அவன் காலரைப் பிடித்து முகத்தருகே இழுத்தார். “அடிச்சிட்டேனே மாப்ள. உன்னைப் போய் அடிச்சிட்டேனே.”

வெல்டர் தொடையில் போட்ட கட்டை இன்னும் இறுக்கினான்.

காலரில் பிடி அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மெல்லச் சுருங்கின.

“இப்ப அந்த ஆபீசர் கேட்டானே. ஏதாவது சொல்லணுமான்னு. அப்பவும் உனக்குத் தெரியும்ல?”

வெளியே இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. ஒரு தகரத் துண்டு நிதானமாக நழுவி விழுந்தது. வெல்டர் அவர் காலைப் பார்த்தான். கிழிந்த தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

லேத்துக்காரர் காலரிலிருந்து கையை எடுத்து, தூணின்மேல் வைத்துக்கொண்டார்.

வளைவுக்குக் கீழே செருப்பில்லாமல் ஓடிவந்த அவர் தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ரத்தத்திலேயே மண்டியிட்டாள். “அண்ணா, எப்படிண்ணா ஆச்சு? ஸ்டே இருந்துச்சே?”

அவர் முகத்தை லேத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“உன் புருஷனைக் கேளு,” என்றார்.

அவள் கேட்டாள்.