பின்னால் நின்றவர்

டிரைவரும் கண்டக்டரும் வேலையை விட்டு வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் தெருவில் யாருக்கும் அவர்களுடைய சொந்தப் பெயர் தெரியாது. ஒரே பஸ்ஸில் ஓடி ஓடி ஒட்டிக்கொண்டதில் கண்டக்டர் தன் தங்கையையே டிரைவருக்குக் கட்டிவைத்தார்.

"பஸ்ல என் முதுகுக்குப் பின்னால நின்ன ஆளு, வீட்டுக்குள்ளயும் வந்து நிக்கிறாரு" என்று டிரைவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத மனுஷனுக்குப் பொண்ணு குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று கண்டக்டர் திருப்பிக் கொடுப்பார்.

ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் இந்த விளையாட்டெல்லாம் கிடையாது. அவர்களுடைய பஸ் ஸ்டாண்ட் ஒரு சந்துக்குள் இருந்தது. பின்னால் மதில், பக்கத்தில் சாக்கடை, நடுவில் கூடை வைத்து விற்கிறவர்கள். எஞ்சின் இரைச்சலில் கத்தினால் காதில் விழாது. அதனால் கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று, பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவார். தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். தட்டுவது நின்றால் பிரேக். மற்ற பஸ்களில் இதற்கு நேர்மாறு, ஆபத்து என்றால்தான் தட்டுவார்கள். டிரைவர் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

"நீ கால் தடுக்கி விழுந்துட்டா யாரு மச்சான் தட்டுவா? சத்தம் இல்லைன்னா நான் நின்னுடணும். அதான் சரி."

கடைசி வரைக்கும் அந்த பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு கீறல் விழவில்லை.

வயதான காலத்தில் டிரைவருக்குச் சாப்பாடு நெஞ்சில் அடைக்க ஆரம்பித்தது. தண்ணீரைக் குடித்துத் தள்ளிப் பார்த்தார், பிறகு தண்ணீரே நின்று நின்று போனது. சோதனை செய்ததில் உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள். சர்ஜனைப் பார்க்கப் போகிற அன்று தங்கை வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முழங்கால் வலி அவளை அதற்கு மேல் விடாது.

"அண்ணே, நான் சொன்னா உனக்கென்ன தெரியும்பாரு. உன் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவாரு. ஆபரேஷன்னு சொன்னாங்கன்னா எப்படியாவது ஒத்துக்க வச்சுடு."

"நான் பாத்துக்கறேன். நீ உள்ள போய் உக்காரு."

சர்ஜன் சின்ன வயதுப் பெண். ஒரு தாளில் படம் வரைந்து, குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைக்கப்போவதைப் பொறுமையாகச் சொன்னாள். டிரைவர் தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தார்.

"டீசல் பைப்பைக் கழட்டிப் போட்டுட்டு, டேங்கையே மேல தூக்கி மாட்டப் போறீங்க. அதானே டாக்டர்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிட்டத்தட்ட அதேதான் ஐயா." பிறகு பேனாவை மூடினாள். "பெரிய ஆபரேஷன். உங்க வயசுல சிலர் எழுந்திருக்காமலே போயிடறாங்க, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா உங்க இருதயமும் நுரையீரலும் நல்லா இருக்கு. செஞ்சுக்கலாம்னுதான் நான் சொல்வேன். செய்யறதுன்னா இப்பவே செய்யணும்."

டிரைவர் முகத்தைத் திருப்பவில்லை. ஸ்டியரிங் பிடித்தவர்போல நேரே பார்த்தபடியே கேட்டார்.

"என்ன மச்சான், வரட்டுமா?"

'வா மாப்ளே' என்ற சொல் கண்டக்டருக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள், மூடிய ஆபரேஷன் தியேட்டர் கதவின் முன்னால் தங்கை நிற்பது கண்ணுக்குள் வந்தது. நீதானே அண்ணே சரின்னு சொன்னே என்று அவள் கேட்பதுகூடக் கேட்டது. மூலையில் இருந்த எடை பார்க்கும் மெஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "வேண்டாம் டாக்டர்" என்றார்.

"வீட்டுல கலந்து பேசிட்டு வாங்களேன்."

"கேட்டாச்சும்மா. வேண்டாம்."

கண்டக்டருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. பிறகு அவரை விடாமல் அரித்தது அந்த நிம்மதிதான். அன்றைக்கோ, உயிர் அவருடையது, முடிவும் அவருடையது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அதையே தங்கையிடமும் சொன்னார்.

"நீ ஒரு வார்த்தை சொன்னியா அண்ணே?"

"அவரே வேண்டாம்னுட்டாரு. நான் என்ன பண்ண?"

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். பாத்திரம் எதுவும் உருளும் சத்தமில்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

கதிர்வீச்சுச் சிகிச்சை சில மாதங்கள் கைகொடுத்தது. அப்புறம் நோய் ஈரலுக்குப் போய்விட்டது. இப்போது ஆபரேஷன் வேண்டும் என்று கேட்டாலும் யாரும் செய்யமாட்டார்கள். டிரைவர் கட்டிலோடு கட்டிலானார். ஸ்பூனில் விட்டதுதான் உள்ளே இறங்கியது. கண்டக்டர் தினமும் வந்து அவருக்குச் சவரம் செய்துவிடுவார்.

"கழுத்துல பாத்து மச்சான். டாக்டர் கத்திக்கே வேண்டாம்னவன் நான்."

"உன் தோலுக்கு இந்தக் கத்தி பத்தாது மாப்ளே, ரம்பம்தான் வேணும்."

ஒரு மத்தியானம் நுரை தடவிக்கொண்டிருக்கும்போது, அடக்க முடியாமல் கண்டக்டர் கேட்டுவிட்டார்.

"அன்னைக்கு ஏன் மாப்ளே வேண்டாம்னு சொன்னே?"

டிரைவர் கண்ணைத் திறந்து அவரை விநோதமாகப் பார்த்தார்.

"நல்லா கேட்ட போ. நீ தட்டலையே."

கண்டக்டரின் கை அப்படியே நின்றது.

"நான் கியர் போட்டுட்டுத்தான் மச்சான் உன்னைக் கேட்டேன். சத்தத்தையே காணோம். பிரேக்கை அமுக்கிட்டேன்." மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நீ நிறுத்தினா சும்மா நிறுத்த மாட்டே. அந்த டாக்டர் பொண்ணு கண்ணுக்குத் தெரியாதது எதையோ நீ பாத்திருக்கே. என்ன இருந்துச்சு, மதில்தானே?"

தங்கை வெந்நீர்க் கிண்ணத்தோடு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள்.

பின்னால் மதில் இருந்ததா, திறந்த வழி இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கண்டக்டர் கால் தடுக்கி விழவில்லை. நன்றாகத்தான் நின்றிருந்தார், கையை மட்டும் கீழே போட்டுக்கொண்டு. வண்டி இடித்தால் பழி தன் தலையில் விழுமே என்று நின்றிருந்தார். இதை இந்த மனிதரிடம் இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால் தன் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும்.

"மதில்தான் மாப்ளே. ஒட்டி இருந்துச்சு."

"அதானே பாத்தேன்" என்று டிரைவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

தங்கை கிண்ணத்தை ஸ்டூல்மேல் வைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பிப் போனாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"நுரை காயுது மச்சான்" என்று டிரைவர் மோவாயை உயர்த்திக் காட்டினார்.