வாங்காத துவக்கின் ஓட்டை

தோப்பூரில் முனாஸின் வீட்டுக் குசினிச் சுவரில் சூட்டு ஓட்டை விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அவன் வயல் வரம்பில் நின்று ஒரு துவக்கு வாங்கினால் என்ன என்று முதன்முதலாக யோசித்ததும் அதே காலையில்தான். வெடிச்சத்தம் கேட்கவில்லை, புகை இல்லை. சோற்றுப் பானை மூடியின்மேல் கொஞ்சம் சீமெந்துத் தூள் கிடந்தது, அவ்வளவுதான். அவன் மனைவி ரிப்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள், எழும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டைக்குள் பெருவிரலை விட்டுப் பார்த்தாள். இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குப் பயந்து மூதூரிலிருந்து குஞ்சு குருமான்களோடு கால்நடையாக வெளிக்கிட்ட சனத்தில் எந்தப் பெண்ணுக்கும் இந்த அளவெல்லாம் அத்துப்படி. எந்த விரல் எவ்வளவு நுழைகிறதோ அதை வைத்தே துவக்கின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். "பன்னிரண்டு போர். ஒத்தக் குண்டு" என்றாள் ரிப்கா, தேங்காய் முற்றல் என்று சொல்கிற அதே குரலில். வயலிலிருந்து வந்த முனாஸ் அதைக் கேட்டதும் தானும் போய் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அவன் மனதில் நினைத்து வந்ததும் அதே பன்னிரண்டு போர்தான். அதை அவன் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

முனாஸைக் குறை சொல்வதற்கில்லை. அவனுடைய நாலு ஏக்கரும் வெருகல் பக்கத்துக் காடு வந்து முட்டுகிற இடத்தில் கிடந்தன. புள்ளிமான் வந்தால் நுனியைக் கடித்துவிட்டுத் தகரச் சத்தத்துக்குப் பறந்துவிடும். மரை அப்படியல்ல. மான் சாதிதான் என்றாலும் மாட்டளவு உடம்பு; தகரத்தைத் தட்டினால் தலையைத் தூக்கி, யாரப்பா இவன் என்று பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்ளும். போன பெரும்போகத்தில் கதிர் தள்ளுகிற நேரம் பார்த்து ஏழு மரைகள் வந்து மூன்று ஏக்கரை மேய்ந்துவிட்டுப் போயின. அந்த வருடம் முனாஸ் சந்திக் கடையில் பையை நீட்டிக்கொண்டு அரிசிக்கு நின்றான். வயல்காரனுக்கு அது நாலு பேர் பார்க்கச் சாரம் அவிழ்ந்து நிற்பதற்குச் சமம். இந்தப் போகமும் போனால் காணியைக் கொடுத்துவிட்டுச் சீனன்குடாவில் எந்தக் கேற்றிலாவது காவலுக்கு நிற்க வேண்டியதுதான். மரையைச் சுடுவது குற்றம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மரைக்கு மட்டும்தான் தெரியாது. பயிர்க்காவலுக்குத் துவக்கு எடுக்கலாம், வெடி வைத்து விரட்டலாம், அதற்கு மேலே நடப்பது காட்டுக்குத்தான் வெளிச்சம் என்று ஆட்கள் கண்ணைச் சிமிட்டிப் பேசிக்கொண்டார்கள்.

என்ன துவக்கு, என்ன தோட்டா என்பதில்தான் கதை சிக்கலாகியது. முனாஸின் கூட்டாளி தம்பையா, வெருகலில் உழவு மெசின் வைத்திருப்பவன், கையால் சுட்டதைவிட வாயால் சுட்டது அதிகம். "மச்சான், மானுக்கு எஸ்.ஜி. தோட்டா காணும். ஒன்பது ரவை ஒண்டாப் போய்ப் புடிக்கும். ஒத்தக் குண்டு என்னத்துக்கு?" என்றான். சரி, எஸ்.ஜி.யே வாங்குவோம் என்று முனாஸ் நினைத்த மாத்திரத்தில் குசினி ஓட்டை மூடிக்கொண்டது, பூசின பெயின்ற் கூடப் பிசகாமல். அறைக்குள் இருந்த அலுமாரியில் ஒன்பது ஓட்டை விழுந்தது. "எஸ்.ஜி.யும் சரிவராது, மரைக்குத் தோல் தடிப்பு" என்று தம்பையா மறுநாள் பேச்சை மாற்ற, ஒன்பதும் மூடிக்கொண்டன. இப்படி மூன்று தரம் ஆன பிறகு வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது: முனாஸ் எந்தத் துவக்கை மனதில் எடுக்கிறானோ, அதன் குண்டு கடைசியில் எங்கே போய் முடியுமோ, அந்த இடத்தில் ஓட்டை இப்போதே வந்துவிடுகிறது.

பொலிசும் வந்தது. சூட்டு ஓட்டை இருக்கிறது, துவக்கு எங்கே என்று கேட்டார்கள். இன்னும் வாங்கவில்லை ஐயா என்றான் முனாஸ். வந்தவர் நல்ல மனிதர். கதிரையில் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்து, சுவரைத் தடவிப் பார்த்து, துவக்கு வாங்கியதும் அறிவிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு கிழமைக்கு ஊர்ப்பெண்கள் வந்து விரல் விட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி அந்த ரவை என்றாள், மற்றவள் இந்த ரவை என்று சண்டைக்குப் போனாள். முனாஸ் மட்டும் சிரிக்கவில்லை. இரவு சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் தன் கையில் இருக்கப்போகிற துவக்கு ஏன் திரும்பத் திரும்பத் தன் வீட்டையே பார்க்கிறது என்ற ஒரே நினைப்பு.

தம்பையாதான் வழி சொன்னான். "பயந்து சாகாத. ஓட்ட எங்க விழுதெண்டு பாத்து எடுப்பம். மரையில விழுற துவக்க வாங்கு, முடிஞ்சுது கதை." பெரிய மூளைதான். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். மரைகள் இறங்குகிற நேரம் என்பதால், பக்கத்து வயல்காரன் றிஸ்வியைக் காவல் பரணில் போனோடு ஏற்றிவிட்டிருந்தார்கள். தம்பையா துவக்குகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, முனாஸ் அதை வாங்கியதாகவே மனதார நினைக்க வேண்டும். வாய்வழியே மருந்து இடிக்கிற இடியன் துவக்கு என்றார்கள். கூரைத் தகரம் சல்லடையாகிற்று. யானைக்கென்றே செய்த பெரிய ரைபிள் என்றார்கள். தம்பையாவின் உழவு மெசின் ரயர் புஸ்ஸென்று போனது. "டேய், டேய், என்ட ரயர விடு!" என்று அவன் துள்ளிக் குதிக்க, முனாஸ் அவசரமாக மனதை மாற்ற, ரயர் நிமிர்ந்தது. பிறகு சின்ன ரைபிள், இருபத்திரண்டு என்றார்கள். அந்நேரம் பார்த்து ரியூசன் முடிந்து படலைக்குள் வந்தாள் மகள் ஜுமானா. ஓட்டை அவள் முதுகில் தொங்கிய புத்தகப்பையில் விழுந்து, உள்ளே இருந்த நாலு கொப்பிகளையும் துளைத்து, சட்டைக்கு ஒரு நூல் விட்டு நின்றது. "என்ட ரப்பே!" என்று ரிப்கா போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் பறந்தன. "வேணா, வேணா, அது வேணா" என்று முனாஸ் தலையில் அடித்துக்கொண்டு கத்தினான். பை மூடிக்கொண்டது. இதோடு நிறுத்துங்கள் என்றாள் ரிப்கா. கடைசியாக ஒன்றே ஒன்று என்றான் தம்பையா.

அது திரீ நொட் திரீ. கந்தளாய்ப் பக்கத்தில் ஒருவரிடம் அனுமதிப்பத்திரத்தோடு பழைய ரைபிள் ஒன்று இருந்தது. பத்திரத்தைப் பெயர் மாற்றி எடுக்கலாம் என்றான் தம்பையா. முனாஸ் கண்ணை மூடி அதை நினைத்தான். சுவரில் ஓட்டை இல்லை. கூரையில் இல்லை, அலுமாரியில் இல்லை, ரயரில் இல்லை, பையில் இல்லை. மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், அவளிலும் இல்லை. றிஸ்விக்குப் போன் போட்டால், மரைகள் காட்டுக்குள் ஏறிவிட்டன, ஒன்று கொஞ்சம் நொண்டினமாதிரி இருந்தது என்றான். அவ்வளவு போதாதா! தம்பையா முனாஸைக் கட்டிப்பிடித்தான். திங்கட்கிழமையே இருவரும் திருகோணமலைக்கு பஸ் ஏறிக் அரசாங்கக் கச்சேரியில் துவக்குப் பத்திரத்துக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு முனாஸ் வயிறாரச் சாப்பிட்டான்.

விண்ணப்பம் கொடுத்த ஒன்பதாம் நாள் காலை ரிப்கா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிழக்கு வெயில். அவளுடைய நிழல் வீட்டுச் சுவரில் நீளமாக விழுந்திருந்தது. அந்த நிழலின் இடது தோளுக்குக் கீழே ஒரு பொட்டு வெளிச்சம் நின்றது. சுவரில்தான் மறுபடி ஏதோ என்று நினைத்து முனாஸ் போய் விரலை வைத்தான். வெளிச்சம் விரலின்மேல் ஏறிக்கொண்டது. அவள் நகர்ந்தாள்; வெளிச்சமும் நகர்ந்தது. அவன் பேயறைந்தவன் போலத் திரும்பிப் பார்த்தபோது, மனைவியின் தோளுக்குக் கீழே, துணி, சட்டை, உடம்பு எல்லாவற்றுக்கும் ஊடாகப் பின்னால் நின்ற முருங்கை மரத்தின் ஒரு இலை தெரிந்தது. இரத்தம் இல்லை. ஓரம் சுத்தமாக இருந்தது. எத்தனை ஒட்டுப் போட்டுத் தைத்தாலும் ஒட்டிலும் ஓட்டை விழுந்ததால், அத்தனை நாளும் அவள் அந்தப் பக்கத்தை அவனுக்குத் திருப்பாமலே திரிந்திருக்கிறாள்.

"எத்தின நாளா?" என்றான்.

"அந்த வெள்ளிக்கிழமயிலரிந்து."

"எனக்கிட்ட செல்லியிரிக்கலாமே, ரிப்கா!"

"செல்லி? நீங்க அத விட்டுப்போட்டு வேறொண்டப் புடிப்பீங்க. அது எங்க போய் விழும்? புள்ளட பேக்கப் பாத்தீங்கதானே." அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "என்னில கிடக்கட்டும். நோவொண்டுமில்ல. காத்துப் போகுது, கொஞ்சம் குளிருது, அவ்வளவுதான்."

முனாஸ் அப்படியே தரையில் குந்திவிட்டான். பெண்டாட்டிக்கு முன்னால் அழுகிற ஆம்பிளை அல்ல அவன். அன்றைக்கு ஏங்கி ஏங்கி அழுதான், காணி, மரை, சந்திக்கடை எல்லாவற்றையும் வாயில் வந்தபடி ஏசிக்கொண்டு அழுதான். பிறகு முகம் கழுவிச் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கச்சேரிக்குப் போய் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி, அங்கேயே நாலாகக் கிழித்தான். பஸ் நிலையத்தில் நின்று ரிப்காவுக்குப் போன் எடுத்து மூடிவிட்டதா என்று கேட்டான். சுருங்கிவிட்டது, மூடவில்லை என்றாள். மறுநாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குப் போனால், ஏழு மரையும் பால்கதிருக்குள் நின்று மென்றுகொண்டிருந்தன. ஒரே ஒரு வெடி கிடைத்தால் என்று அவன் பல்லைக் கடித்தான். உடனே போன் அடித்தது. மறுபக்கம் ஜுமானா, அழுகிற குரலில்.

"வாப்பா, உம்மா தோளப் பொத்திக்கிட்டு நிலத்தில இரிந்துட்டா! நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்ல மகள்" என்றான் முனாஸ். "நினைச்சன்."

கிழித்த கடதாசியில் ஒன்றும் இல்லை, எல்லாம் தன் நெஞ்சுக்குள்ளேதான் கிடக்கிறது என்று தெரிந்தபோது அவனுக்கு வந்த பயம், மூதூர்ப் பாதையில் ஷெல் விழுந்தபோதும் வராத பயம். ஷெல்லுக்குப் பதுங்கலாம். சொந்த மனதுக்கு எந்தப் பங்கருக்குள் போய்ப் பதுங்குவது? கையைக் கட்டிவைக்கலாம், கோபத்தை எதால் கட்டுவது? அவன் ஒரு வேலை செய்தான். தினமும் விடியற்காலையில் வரம்பில் போய் உட்கார்ந்து, மரைகள் தின்பதைப் பார்த்துப் பழகினான். முதல் கிழமை முழுக்கக் கையில் போனோடு இருந்தான். ஒரு கதிர் கடிபடும்போதெல்லாம் வீட்டில் அவளுக்கு என்ன ஆகிறதோ என்று போன் எடுப்பான். இரண்டாம் கிழமை எந்த மரைக்கு எந்தக் காது கிழிந்திருக்கிறது என்பது தெரிந்தது. அந்தப் போகம் மூன்று பேர் சாப்பிட மட்டும் நெல் கண்டது. காணியை அவன் கொடுக்கவில்லை.

இப்போது மூன்று பெரும்போகம் கடந்துவிட்டது. காட்டோரத்து ஒரு ஏக்கரை அவன் மரைகளுக்கென்றே விதைக்கிறான். விவசாய உத்தியோகத்தர் தன் கொப்பியில் அதை மரை ஏக்கர் என்றே எழுதிக்கொள்கிறார். ஊரில் முனாஸுக்கு முன்னால் யாரும் துவக்குக் கதை கதைப்பதில்லை. தம்பையா கூட அந்தப் படலையைத் தாண்டினால் மழையையும் உரத்தையும் பற்றி மட்டும்தான் பேசுகிறான். ரிப்காவின் தோளில் இன்னும் ஒரு கடுகளவு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். வைத்தியர் பார்த்துவிட்டு, நோகாவிட்டால் விடுங்கள் என்றார்.

போன தை மாதம் ஒரு தாய் மரை குட்டியோடு வந்து, தனக்கு விட்ட ஏக்கரை மிதித்துத் தாண்டி, நல்ல பயிருக்குள் இறங்கிவிட்டது. குட்டி விளையாட்டாக நாற்பது ஐம்பது கதிரை முறித்தது. முனாஸ் தன்னை மறந்து குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கையை ஓங்கினான். வீடு அங்கிருந்து கால் மைல், நடுவில் தென்னந்தோட்டமும் ஒரு வாய்க்காலும். வயலிலிருந்து பார்த்தால் கூரை கூடத் தெரியாது. அங்கேயிருந்து ரிப்காவின் குரல் வந்தது.

"கையில உள்ளதப் போடுங்க!"

அவன் போட்டான். கல் தண்ணீரில் விழுந்த சத்தத்துக்குக் குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. முனாஸ் ஒரு அடி பின்னால் வைத்து, இரண்டு கையையும் விரித்துக் குட்டிக்குக் காட்டினான்.

"தின்னு" என்றான். குட்டி குனிந்து தின்றது.