ஆடிட் நாள் டீ

"ஆயுசு முழுக்க எம் பொண்ண வச்சுக் காப்பாத்துவியா?" என்று ஆரோக்கியநாதன் கேட்ட அதே நொடியில் ரெக்ஸ் எழுந்து ஓடினான்.

ஓடியது கொல்லைப்புறக் கழிவறைக்கு. ஆனால் பேரிகை கிராமத்தில் அந்தப் பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தது அவன் முதுகு மட்டும்தான். திரும்பி வந்தபோது மிக்சர் தட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். அவன் தாய் லூர்தம்மாள், யார் முகத்தையும் பார்க்க முடியாமல், சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பதில் சொல்ல எம்மா நேரம் யோசிக்கிறான் பாரு," என்றார் ஆரோக்கியநாதன். "இவன் வேணாம்."

அவர் மகள் லிபியா, ரெக்ஸ் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே ஸ்டோர்ஸில் இருப்பவள். அழுது, சாப்பிடாமல் கிடந்து, அப்பாவிடம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வாங்கினாள். அடுத்த மாதம். "அன்னைக்கும் எழுந்தான்னா, அப்படியே பஸ் ஏறிட வேண்டியதுதான்," என்பது நிபந்தனை.

ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் ரெக்ஸ் குவாலிட்டி இன்ஜினியர். ஒரு போல்ட்டில் கீறல் இருந்தால், அது எந்த ஷிப்டில் யார் கையால் விழுந்தது என்று சொல்லிவிடுவான். தன் வயிறு மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. மாதக்கணக்கில் சாதுவாக இருக்கும். வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வந்தால் போதும், உப்பும், உருளும், பிறகு அவனை ஓடவைக்கும்.

அந்தக் கம்பெனியில் எந்தச் சிக்கல் வந்தாலும் பலகையில் ஒரு மீன் முள் வரைய வேண்டும். தலைப்பக்கம் சிக்கலை எழுதி, ஆள், மெஷின், பொருள், முறை என்று முள்ளுக்கு முள் காரணம் தேடி, 'ரூட் காஸ்' என்னும் மூலகாரணத்தைப் பிடிக்கவேண்டும். லைனில் இன்ஸ்பெக்டராக இருக்கும் ஜெகதீஷும் மெயின்டனன்ஸ் ஜமீர் அகமதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைந்தார்கள்.

"ஆள், ரெக்ஸ்," என்று எழுதினான் கர்நாடக எல்லை அத்திப்பள்ளிக்காரனான ஜெகதீஷ். "ரிஜெக்ட் பண்ண முடியாது குரு. அவங்கம்மா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க."

"மெஷின்னா வயிறு," என்றார் ஜமீர். "கடைசியா எப்படா சர்வீஸ் பண்ணே?"

"சர்வீஸா, பாய்?"

"விளக்கெண்ணெய்டா! எங்கம்மா வருசத்துக்கு ஒருவாட்டி மூக்கைப் புடிச்சு ஊத்தும். இன்னை வரைக்கும் ஒரு பிரேக்டவுன் கெடையாது."

மீனுக்கு முள் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஜெகதீஷ் ஒரு முள்ளைச் சுற்றி வட்டம் போட்டான். "ஆடிட்டர் முன்னாடி ஓடுது. மாமனார் முன்னாடி ஓடுது. ரெண்டு பேரும் கேள்வி கேக்கறவங்க. ரூட் காஸ், பயம்."

நிவாரணமும் அன்றே தொடங்கியது. தினமும் டீ இடைவேளையில் ஜமீர் காலை அகட்டி உட்கார்ந்து, மீசையே இல்லாத இடத்தில் மீசையை முறுக்கி, "ஆயுசு முழுக்கக் காப்பாத்துவியா?" என்று உறுமுவார். ரெக்ஸ் நாற்காலியை விட்டு அசையாமல், "காப்பாத்துவேங்க மாமா," என்பான். ஒரு வாரம் வயிறு துளிகூட அசையவில்லை. சிக்கல் தீர்ந்தது என்று மூவரும் பலகையில் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் ஆடிட். பதினொரு மணிக்கு, லைனுக்கு நடுவில், ஆடிட்டரைப் பாதிக் கேள்வியில் விட்டுவிட்டு ரெக்ஸ் ஓடினான்.

"இவர் எங்கே போகிறார்?"

"ரூட் காஸ் பாக்கறதுக்கு சார்," என்றான் ஜெகதீஷ்.

இதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போகலாம் என்று ரெக்ஸுக்குத் தோன்றியது. டாக்டர் வஜிஹா பொறுமையாகக் கேட்டார். மலத்தில் ரத்தம் போகிறதா? எடை குறைந்ததா? காய்ச்சல் உண்டா? தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை. ரத்தம், மலம் இரண்டு பரிசோதனையிலும் குறையில்லை.

"ஆடிட் அன்னைக்கு என்ன சாப்பிடறீங்க?"

"தெனம் சாப்பிடறதுதான் மேடம். டீ மட்டும் அன்னைக்கு நல்லா இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லான்னா?"

"பால் இருக்கும்."

மற்ற நாட்களில் கேன்டீன் டீ, பால் பாத்திரம் கழுவிய தண்ணீருக்குத் தூரத்துச் சொந்தம். ஆடிட் அறைக்கு மட்டும் கெட்டிப் பாலில் போட்டு, ஃபிளாஸ்கில் வரும். ஆடிட்டருக்குத் துணையாக ரெக்ஸும் நாலைந்து கப் குடிப்பான். பேரிகையிலோ, அப்போதுதான் கறந்து காய்ச்சிய பால், பெரிய டம்ளர் நிறைய.

"பால்ல இருக்கிற சர்க்கரை உங்க குடல்ல செரிக்கல," என்றார் டாக்டர். "பயப்படாதீங்க, நம்ம ஊர்ல நெறைய பேருக்கு இருக்கு. அதைச் செரிக்க வைக்கிற என்சைம் சின்ன வயசுல நல்லா சுரக்கும், வளர வளரக் குறைஞ்சிடும். கொஞ்சூண்டு பால்னா தாங்கும். நெறையப் போனா குடல்ல புளிச்சுக் காத்தும் தண்ணியுமா வெளியே வரும். ரெண்டு வாரம் பாலைத் தொடாதீங்க. அப்புறம் ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க. தயிர், மோர் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது."

"அப்ப பயம் இல்லைங்களா மேடம்?"

"உங்களுக்கு இருக்கலாம். குடலுக்கு இல்ல."

இரண்டு வாரம் அமைதி. லீவு நாளில் ஒரு டம்ளர் குடித்தான். ஒரு மணி நேரத்தில் வயிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு அவனை ஓடவைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. லிபியா தட்டில் டம்ளரோடு வந்தாள். நுரை விளிம்பைத் தாண்டி நின்றது. குடித்தால் ஓடவேண்டும். குடிக்காவிட்டால் அவமரியாதை.

"மாமா, எனக்குப் பால் சேராதுங்க."

மாட்டுக் கொட்டாயில் ஒரு பசு கத்தியது. தற்செயலாகத்தான் இருக்கவேண்டும்.

"பால் சேராத மனுசன் உலகத்துல உண்டா?" ஆரோக்கியநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, உங்க கேன்டீன்ல தெனம் டீ குடிக்கிறியே, அது யாரு பாலு? என் கொட்டாய்ல இருந்து போற பாலு! அது மட்டும் எப்படிடா சேருது?"

இது ரெக்ஸுக்குத் தெரியாது. லிபியாவை முறைத்தான். அவள் தரையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மாமனார் பாலைத் தண்ணீர் என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் தான் பொய்யன்.

"கேன்ல ஏறும்போது உங்க பாலுங்க மாமா," என்றான் கடைசியில். "டம்ளர்ல இறங்கும்போது அதுல உங்களது ஒண்ணும் இல்லைங்க."

திங்கட்கிழமை காலை பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு ஆரோக்கியநாதனே வந்து கேன்டீன் அடுப்பருகே நின்றார். "எங்கண்ணு முன்னாடி ஊத்துடா. ஒரு சொட்டுத் தண்ணி சேந்துச்சு, நாளைக்கே வேற பால் பாத்துக்க. எம் பாலுக்கு எத்தனை பேரு ஓடறான்னு நானும் பாக்கறேன்."

பத்து மணி டீயைக் குடித்த ஷிப்ட் மெய்ம்மறந்தது. அரை டம்ளரோடு எழுந்துபோகிறவர்கள் மூன்று டம்ளர் குடித்தார்கள். "பெங்களூர்ல கூட இப்படிக் கிடைக்காது குரு!" என்றான் ஜெகதீஷ்.

மதியத்துக்குள் கழிவறை வரிசை படி தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தொட்டது. பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. மீதிப் பாதியில் ஒருவனான ஜெகதீஷ் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஜமீரின் குரல்: "தட்டாதடா, பிரேக்டவுன்டா!"

வரிசையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஆரோக்கியநாதன், பால் கலக்காத கட்டஞ்சாயாவோடு உட்கார்ந்திருந்த ரெக்ஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இத்தினி பேருக்குமா?"

"ஆமாங்க மாமா."

"தண்ணி ஊத்தினவன் புண்ணியவான்னு சொல்லு." பெருமூச்சு விட்டார். பிறகு, ஞாபகம் வந்தவராகக் கேட்டார்: "ஆயுசு முழுக்க எம் பொண்ண வச்சுக் காப்பாத்துவியா?"

ரெக்ஸ் பெஞ்சை விட்டு அசையவில்லை. "காப்பாத்துவேங்க மாமா."

"சபாஷ்!" என்றது கழிவறைக்குள்ளிருந்து ஒரு குரல்.