உப்பு டப்பாவின் குரல்

தங்கைக்குக் கல்யாணம் ஆனபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர். பேச்சு வந்தபோது தங்கை வேண்டாம் என்றுதான் சொன்னாள். அக்காவின் பார்வை வருடத்துக்கு வருடம் சுருங்கி, சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகியிருந்தது. அதிலும் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும், எழுத்து தெரியாது.

"உன்னை யாரு பார்த்துக்குவா?" என்று தங்கை கேட்டாள்.

"நான்தான். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டுல உக்காந்து ஊரையே சமாளிச்சவளுக்கு ஒரு சமையலறையைச் சமாளிக்கத் தெரியாதா?"

அப்படிச் சொல்லித்தான் அக்கா அவளை அனுப்பிவைத்தாள்.

தனியாக இருக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, வீடு இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தது என்று. "டம்ளர் வலது கைப்பக்கம் இருக்குக்கா", "நீலச் சட்டை போட்டிருக்கே, பித்தான் மாறிப் போச்சு பாரு" என்று தங்கை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். சில சமயம் அது அக்காவுக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது. இப்போது ஒரே உயரத்தில், ஒரே மூடியுடன் டப்பாக்கள் வாயை மூடிக்கொண்டு வரிசையாக நின்றன. காபியில் உப்பைப் போட்டாள். துணி துவைக்கும் பவுடர் என்று நினைத்து மைதாவைப் போட்டு, வாளிக்குள் பசை கிண்டினாள். அதையெல்லாம் போனில் தங்கையிடம் சொல்லவில்லை. "எல்லாம் நல்லா இருக்கு, நீ உன் வீட்டைப் பாரு" என்று வைத்துவிடுவாள்.

ஒரு காலை, சத்து மாத்திரை என்று நினைத்து ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாவது தடவையும் விழுங்கிவிட்டாள். குளியலறை வாசலில் தலை சுற்றி விழுந்தாள். நெற்றி கிழிந்தது. மாடி வீட்டு பஸ் டிரைவர் சத்தம் கேட்டு ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போடவைத்தார். அவர்தான் தங்கைக்கும் சொல்லிவிட்டார்.

சாயங்காலமே தங்கை வந்து சேர்ந்தாள். வாசல்படியில் பெட்டியை வைத்த சத்தத்திலேயே அக்காவுக்குப் புரிந்தது, அது ஒரு ராத்திரி தங்க வருகிறவர்கள் கொண்டுவரும் பெட்டி இல்லை.

"எத்தனை நாளைக்கு?"

"எதுக்கு எண்ணிக்கிட்டு? நான் இங்கயே இருக்கேன். அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரின்னார்."

அந்தச் 'சரி'யை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று அக்கா யோசித்தாள். போர்டில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஊரார் குரலைக் கேட்டவளுக்கு, சரி என்ற சொல்லில் எத்தனை வகை உண்டு என்று தெரியும்.

மறுநாள் தங்கை கட்டுத்துணி வாங்கத் தான் முன்பு வேலை பார்த்த மருந்துக்கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் துப்பாக்கி போல ஒன்று இருந்தது. கடையில் புது மெஷின் வந்துவிட்டதாம். பழைய பார்கோடு ஸ்கேனர்களை முதலாளி அட்டைப்பெட்டியில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலில் வைத்திருந்தாராம். கூடவே, அச்சடித்து மிச்சமான பார்கோடு ஸ்டிக்கர் சுருள் ஒன்று.

"ஓசியில கிடைச்சா எதையும் விடமாட்டே" என்றாள் அக்கா.

"இது டப்பாவைப் பார்த்துப் படிக்கும்ல? படிச்சதைச் சத்தமாச் சொல்லவெக்க முடியுமான்னு அவர்கிட்ட கேட்டேன். முடியும்னார். ஞாயித்துக்கிழமை வராராம்."

மாப்பிள்ளை ஒரு பழைய லேப்டாப்போடு வந்தார். அதிகம் பேசாதவர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். கோட்டின் மேல் ஸ்கேனரைக் காட்டினால் ஏற்கெனவே பதிவு செய்த குரல் அதன் பெயரைச் சொல்லும். தெரியாத கோடு என்றால் இரண்டு முறை கூவும். அப்போது ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு நாமே பெயரைச் சொல்லி வைக்கலாம். அதே பொத்தானை இரண்டு முறை தட்டினால் பழைய குரல் அழிந்துவிடும்.

தங்கை அன்று முழுவதும் வீட்டுக்கே பெயர் வைத்தாள். கடையிலிருந்து வந்த பாக்கெட்டில் கோடு ஏற்கெனவே இருந்தது. விரல் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஓரத்தில் ஒரு துண்டு சொரசொரப்பான டேப் ஒட்டினாள். வீட்டு டப்பாக்களுக்குச் சுருளிலிருந்து ஸ்டிக்கர். மாத்திரை அட்டைகளுக்கு, "ரத்த அழுத்தம். காலையில ஒண்ணு மட்டும்க்கா, ஒண்ணு மட்டும்." சட்டைகளைத் தொங்கவிட்ட ஹேங்கர்களில் நிறம். சாவிகளில் அட்டை கட்டி, எது எந்தப் பூட்டுக்கு என்று.

"என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடு. தொலைஞ்சா யாராவது படிச்சுக் கொண்டுவந்து விடட்டும்" என்றாள் அக்கா. மாப்பிள்ளை முதல்முறையாகச் சிரித்தார்.

சாப்பிடும்போது அவர் தங்கையிடம் தாழ்ந்த குரலில், "நம்ம வீட்டுல துவரம்பருப்பை நீ எங்க வெச்சே? தேடிப் பார்த்தேன், கிடைக்கல" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அக்கா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். அங்கேயும் ஒருவர் டப்பாக்களுக்கு நடுவில் தடவிக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து அக்கா ஸ்கேனரை வெறியோடு பழகினாள். பளபளக்கும் பாக்கெட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், உருண்டை டின்னை மெதுவாகச் சுழற்ற வேண்டும் என்று தானே கண்டுபிடித்தாள். தங்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது தனியாகவே சமைத்தாள், மாத்திரை எடுத்தாள், துவைத்தாள். தங்கை எழுந்து வந்தால், "நீ உக்காரு" என்றாள். இரண்டு வாரம் போனதும், "பெட்டியைக் கட்டு. எனக்கு இனிமே நீ இடைஞ்சல்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தங்கை நம்பிக் கிளம்பிப் போனாள்.

வீட்டில் இப்போது தங்கையின் குரல் இருந்தது. "உப்பு." "சர்க்கரை, கொஞ்சமாப் போடு." "பச்சைச் சட்டை." முதல் சில நாள் அது ஆறுதலாக இருந்தது. பிறகு அக்கா தேவையில்லாமலே ஸ்கேனரை அழுத்தத் தொடங்கினாள். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு மத்தியானம், "சர்க்கரை, கொஞ்சமாப் போடு" என்றதும், "போதும்டி, எனக்குத் தெரியும்" என்று பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, பதிலுக்குப் பதில் வரும் என்று காத்து நின்றாள். அடுத்த அறையில் ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து தங்கையின் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். டெலிபோன் போர்டில் பேசிய அதே நிதானமான குரலில் திரும்பச் சொன்னாள். "உப்பு." "சர்க்கரை." "ரத்த அழுத்த மாத்திரை, காலை ஒன்று."

மழைக்காலம் முடிந்து தங்கை பார்க்க வந்தாள். காபி போட அவளே சமையலறைக்குப் போனாள். ஸ்கேனர் அக்காவின் குரலில் "சர்க்கரை" என்றது. பிறகு "உப்பு" என்றது, அதுவும் அக்காவின் குரலில்.

"அக்கா, என் குரலை எடுத்துட்டியா?"

"உன் குரல் தெளிவா இல்லை. பாதி வார்த்தையை முழுங்கறே."

"அப்ப எல்லாத்தையுமா மாத்தினே?"

"தெளிவா இல்லாததை."

தங்கை காபியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். டம்ளர் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அக்கா சரியாகவே வாங்கிக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. சொன்னால் அந்தப் பெரிய பெட்டி திரும்ப வாசல்படிக்கு வரும். காபியைக் குடித்தாள்.

ராத்திரி தங்குவதாக இருந்த தங்கை மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினாள். "அவருக்குச் சமைக்கணும்" என்றாள். அக்கா நிறுத்தம் வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ் வந்ததும் தங்கை அந்தக் கையை எடுத்துக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு ஏறினாள்.

அடுத்த வாரம் போன் வந்தது. தங்கைக்கு அந்த ஊர் மருந்துக்கடையில் வேலை கிடைத்திருந்தது. முன்பே கூப்பிட்டார்களாம், திரும்பி வரவேண்டியிருக்குமோ என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாளாம்.

"நீதான் தனியா நல்லா இருக்கியே, அதான் சரின்னுட்டேன். லீவு அவ்வளவா கிடைக்காதுக்கா."

"நல்லதாப் போச்சு. வேலையைப் பாரு" என்றாள் அக்கா.

போனை வைத்துவிட்டு அரிசி களைந்தாள், காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள். மாடியில் டிரைவர் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அன்று அவள் வேறு யாரோடும் பேசவில்லை.